ஒரே கம்பெனி, இரண்டு கார்: அப்பா இடுப்புக்கு ஒன்று, என் ஆசைக்கு ஒன்று. எதை எடுப்பது?

முந்திரிக்காட்டான்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். பன்னிரண்டு வருடமாக ஒரே இன்னோவா. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. இந்த வருடம் நல்லதாக ஒரு செடான் எடுப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் என்பது வரை எல்லோருக்கும் சம்மதம். அதில் எது என்பதில்தான் இழுபறி.

ஒன்று 330எல்ஐ. கிரான் லிமோசின் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, பின்பக்கம் நீட்டியது. 2 லிட்டர் பெட்ரோல், 258 குதிரைத்திறன். இன்னொன்று எம்340ஐ. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, 500 நியூட்டன் மீட்டர் டார்க், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 4.4 வினாடி. விலையில் பத்து லட்சத்துக்குக் குறையாத வித்தியாசம். அதைப் புரட்டிவிடலாம். பிரச்சினை பணம் இல்லை, அப்பா.

அவருக்கு வயது எழுபத்தொன்று, இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. மாதம் ஒருமுறை பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி, வாரம் மூன்று நாள் பண்ருட்டி கடை. அந்த நாட்களில் டிரைவர் ஓட்டுவார், அப்பா பின்னால் உட்காருவார். நான் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமையும், மாதம் ஒரு சென்னைப் பயணமும்தான்.

சென்னையில் ஒரு ஷோரூமுக்குப் போய் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். அப்பாவையும் கூட்டிப்போனேன். விற்பனைப் பையன் மரியாதையாக அவரை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டான்! கண்ணாடி மாதிரி ரோட்டில் நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, உனக்குப் பிடிச்சதை எடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் எப்போதுமே அப்படித்தான் சொல்வார், அதனால் அதை நம்ப முடியவில்லை.

எம்340ஐ எடுத்துவிட்டு அதைக் கம்ஃபர்ட் மோடில் போட்டால் அப்பாவுக்குப் போதுமா? இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

கெடிலக்கரை

தம்பி, அந்தப் பொத்தான் எதை மாற்றும், எதை மாற்றாது என்று முதலில் பார்த்துவிடுவோம். கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மாற்றும்போது ஆக்ஸிலேட்டர் எவ்வளவு சுருக்காகப் பேசும், கியர் எப்போது மாறும், ஸ்டியரிங் எவ்வளவு கனக்கும் என்பவை மாறும். டேம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரை, மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் அமைப்பு வண்டியில் இருந்தால் அதுவும் மாறும். நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் அது உண்டா என்பதை வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எது இருந்தாலும் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், டயரும் அதே டயர்தான்.

டயரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தப்பு செய்வது இங்கேதான். பக்கச்சுவரில் 225/45 ஆர்18 என்று இருந்தால், அகலம் 225 மில்லிமீட்டர், ரப்பர் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர். 225/40 ஆர்19 என்றால் 90. பதினொரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு டிராக்டர் தோண்டிப் போட்ட பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்தப் பதினொன்றை அப்பாவின் முதுகெலும்பு எண்ணிப் பார்த்துவிடும். இதற்கு மேல், இந்தக் கம்பெனி வண்டிகளில் பெரும்பாலும் ரன்ஃபிளாட் டயர் வரும். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓட வேண்டும் என்பதற்காகச் சுவரை முறுக்காகச் செய்திருப்பார்கள். நல்ல ரோட்டில் அது தெரியவே தெரியாது.

இன்னொரு விஷயம். ஷோரூம் வண்டிகளில் சில நேரம் காற்றை அதிகமாக அடித்து வைத்திருப்பார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, அந்த அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் எந்த வண்டியையும் கடினம் என்றோ மென்மை என்றோ தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆறு சிலிண்டர் அடிமை

அண்ணே, மூன்று வருடமாக எம்340ஐ வைத்திருக்கிறேன், பாண்டியில் இருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மரக்காணம் தாண்டி உப்பளம் இரண்டு பக்கமும் விரிகிற இடத்தில் அந்த எஞ்சினைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். சத்தம் சத்தமாகக் கேட்காது, ஒரே இழையாக இழுத்துக்கொண்டு போகும். நாலு சிலிண்டரில் அது வராது. எத்தனை லட்சம் குறைத்துக் கொடுத்தாலும் வராது.

இதைச் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் நான்குவழிச் சாலையில் காருக்கு எல்லை 100. அந்த 4.4 வினாடி முடிந்ததும் சட்டப்படி சந்தோஷமும் முடிந்துவிடும். என் வீட்டில் பின்சீட்டில் உட்காருகிற இரண்டு பிள்ளைகளும் ஏறினதுமே "அப்பா மெதுவா" என்கிறார்கள். சின்னவள் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். எனக்கு வண்டி மேல் ஆசை தீரவில்லை. ஆனால் என் அப்பாவை வாரம் மூன்று நாள் அதில் பின்னால் உட்கார வைப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

பின்சீட்டுப் பிரஜை

சார், ஒரு கணக்கு. ஒரு வாரத்தில் அந்தக் காருக்குள் யார், எந்த சீட்டில், எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கதையில் அப்பாவின் பின்சீட்டு நேரம் முதலில் வரும், டிரைவர் அடுத்து, நீங்கள் கடைசி. பத்து லட்சத்துக்கு மேல் கூடக் கொடுத்து டிரைவருக்கு ஆறு சிலிண்டர் வாங்கித் தருகிறீர்கள். நல்ல முதலாளி!

அளவில் என்ன வித்தியாசம் என்றால், சாதாரண 3 சீரிஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2851 மில்லிமீட்டர். நீளமானதில் 2961. அந்த 110 முழுக்கப் பின்பக்கம்தான் போயிருக்கிறது. கால் நீட்ட இடம் கிடைப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லாதது பின்கதவு. அதுவும் நீண்டிருக்கிறது. இடுப்பு வலிக்காரர் முதலில் உடம்பை உட்கார்த்திவிட்டு, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். குட்டைக் கதவில் முட்டி கதவுத்தூணில் இடிக்கும்.

ஆனால் இரண்டிலுமே சீட்டு தாழ்வு. இன்னோவாவில் அப்பா நின்ற உயரத்திலிருந்து அப்படியே நகர்ந்து உட்கார்ந்திருப்பார். இதில் இறங்கி உட்கார வேண்டும், எழும்போது கையை ஊன்றி எழ வேண்டும். அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஓட்டிப் பார்ப்பதை விட ஏறி இறங்கிப் பார்ப்பது முக்கியம், பத்து தடவை.

வெள்ளிக் கடற்கரை

எம்340ஐ எடுக்கும் பணம் இருந்தால் ஏன் 3-லேயே நிற்கிறீர்கள்? கிட்டத்தட்ட அதே விலையில் 5 சீரிஸ் நீளமானது, 530எல்ஐ, 2024 ஜூலையில் வந்தது. சக்கர இடைவெளி 3105. எஞ்சின் அதே 258 குதிரைத்திறன். அப்பா ராஜா மாதிரி போவார்.

முந்திரிக்காட்டான்

வெள்ளிக் கடற்கரை அண்ணே, எங்கள் தெருவை நீங்கள் பார்த்ததில்லை. பாடலீசுவரர் கோயில் தேரோட்டம் என்றால் இன்னோவாவைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். ஐந்து மீட்டர் தாண்டிய வண்டியை நான் திருப்பி எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். 5 வேண்டாம்.

இன்னொரு சந்தேகம். பாண்டியில் மச்சான் வீடு இருக்கிறது. அந்த முகவரியில் பதிவு செய்தால் வரி பெரிதாக மிச்சம் என்கிறார்களே?

கெடிலக்கரை

அந்த வேலை மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அறுபது லட்சம் என்றால் பன்னிரண்டு லட்சம். வலிக்கும்தான். ஆனால் வண்டி ஓடுவது கடலூரில். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். இல்லாத குடியிருப்பைக் காட்டிப் பதிவு செய்வது தனிக் குற்றம். பாண்டிப் பதிவில் இதுபோல எடுத்த சொகுசுக் கார்கள் மேல் கேரளாவில் வழக்கே நடந்தது. ஆல்பேட்டை செக்போஸ்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் மச்சானுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

ஆறு சிலிண்டர் அடிமை

பாண்டியில் நிஜமாகவே குடியிருக்கிற என்னையே எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், விடுங்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவு என் வண்டியை மேட்டுத் தெருவுக்கு எடுத்துப் போய் நிறுத்தினேன். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து உங்கள் கடலூர்ப் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். நீளம், குட்டை எதுவானாலும் இந்த வண்டிகள் தண்ணீருக்கு ஆகாது. சக்கரத்தில் பாதிக்குத் தண்ணீர் வந்தால் திரும்பிவிடுங்கள். உள்ளே நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அதைச் சேர்த்து வாங்குங்கள். இன்னோவாவை விற்காதீர்கள்.

முந்திரிக்காட்டான்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஷோரூமில் பேசி இரண்டு வண்டியையும் ஒரே நாளில் கடலூருக்கே கொண்டுவரச் செய்தேன். முதலில் மறுத்தார்கள், முன்பணம் என்றதும் வந்தார்கள். காற்றைக் கதவு அட்டவணைப்படி வைத்தோம். இரண்டிலும் அப்பா பின்னால், நான் பக்கத்தில், எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கில். நெல்லிக்குப்பம் வரை போய், ரயில்வே கேட்டில் நின்று திரும்பினோம்.

எம்340ஐ-யில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கூரைக் கைப்பிடியைப் பிடித்தவர் கேட் வரை விடவில்லை. 330எல்ஐ-யில் தோட்டப்பட்டு தாண்டும்போதே பலா விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பள்ளம் அதிலும் தெரிந்தது, மெத்தை மாதிரி எல்லாம் இல்லை. ஆனால் கைப்பிடியைத் தொடவில்லை. எனக்கு அது போதும்.

ஏறி இறங்குவது இரண்டிலுமே சிரமம்தான். நீளமானதில் காலைத் திருப்ப முடிகிறது. சீட்டில் போட ஒரு கெட்டியான திண்டு தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது சாவியை வாங்கி எம்340ஐ-யைத் தனியாக ஒரு சுற்று ஓட்டினேன். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

இப்போது புதுத் தொல்லை. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியதால் வாசல் சரிவு செங்குத்து. இன்னோவா சும்மா ஏறும். நீளமான வண்டி என்றால் நடுவயிறு தட்டுமே? வாங்கின பிறகு தெரிந்து என்ன பயன்?

கெடிலக்கரை

நல்ல கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. அந்த 110 மில்லிமீட்டரால் தட்டும் என்று பயப்படாதீர்கள், அதனால் வரும் வித்தியாசம் அரைப் பாகைகூட இருக்காது. இன்னோவாவிலிருந்து எந்தச் செடானுக்கு இறங்கினாலும் தரையிலிருந்து வயிற்றுக்கு உள்ள உயரம் குறையும், தட்டுவது அதனால்தான்.

கொத்தனார் நூல் ஒன்று எடுங்கள். 2961 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அடி எட்டரை அங்குலம் அளந்துகொள்ளுங்கள். சரிவு முடிந்து தளம் தொடங்கும் மேடு நடுவில் வருகிற மாதிரி, இரு முனையிலும் ஒரு அடி உயரக் குச்சியைத் தரைக்குச் செங்குத்தாக நிறுத்தி நூலை இழுத்துக் கட்டுங்கள். மேட்டுக்கும் நூலுக்கும் இடையே எவ்வளவு என்று அளந்து, அதைப் பன்னிரண்டு அங்குலத்தில் கழியுங்கள். வருவதுதான் வண்டி வயிற்றுக்குக் கீழே மேடு எழும்பும் அளவு. அது வண்டியின் தரை இடைவெளியை நெருங்கினால் தட்டும். நான்கு பேர் உட்கார்ந்தால் வண்டி இன்னும் இறங்கும், அதற்கு ஒரு அங்குலம் விட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தடைக்கும் இதே நூல்தான். ரோடு போடும் முறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டினால் எந்தக் காரும் தட்டாது. நம் ஊரில் அகலத்தை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் கட்டுகிறார்கள். அவற்றை நேராக இல்லாமல் சாய்வாக ஏறி இறங்க டிரைவரைப் பழக்குங்கள்.

முந்திரிக்காட்டான்

இப்போதுதான் அளந்துவிட்டு வருகிறேன். அப்பா ஒரு முனையைப் பிடித்தார், குனியாதீர்கள் என்றால் கேட்கவில்லை. நூலுக்கும் மேட்டுக்கும் ஏழே அங்குலம். அப்படியென்றால் மேடு ஐந்து அங்குலம் எழும்புகிறது. ஆள் உட்கார விட வேண்டிய ஒரு அங்குலத்தையும் சேர்த்தால் தட்டும்.

கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மேட்டைச் சீவிவிட்டு, சரிவை உள்பக்கமாக இரண்டடி நீட்ட வேண்டுமாம். அப்பாவின் செம்பருத்தித் தொட்டி இரண்டு இடம் மாறும். அது முடிந்து ஒருமுறை நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம் கட்டுவேன்.