அமெரிக்க அரசியல் சாசனம் பிரெஸ்பிட்டேரியன் சபை ஆளுகையின் நகல்தானா?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகி, சேலம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஆலயத்தில் திருச்சபை வரலாறு படிக்கும் சிறு குழு ஒன்று சனிக்கிழமைதோறும் கூடுகிறது. சென்ற வாரம் அதில் பேசிய பெரியவர், அமெரிக்க அரசியல் சாசனம், மூப்பர்களின் மன்றங்கள் வழியாக ஆளப்படும் பிரெஸ்பிட்டேரியன் சபையின் ஆளுகை முறையைப் பார்த்து அப்படியே எழுதப்பட்டது என்று உறுதியாகச் சொன்னார். உள்ளூர் மூப்பர் சபையிலிருந்து பொதுப்பேரவை வரை படிப்படியாக மேலேறும் அமைப்புதான் அங்கே மாநிலமாகவும் கூட்டாட்சியாகவும் ஆயிற்று என்பது அவர் வாதம்.

என் தாத்தா சபைக் குழுவில் இருந்தபோது எழுதிய குறிப்பேடு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கிய ஆறணாச் செலவுக்குக்கூட அதில் நான்கு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தனி ஒருவரிடம் எதையும் விட்டுவிடாத அந்தப் பழக்கத்துக்கும் அமெரிக்கக் குடியரசுக்கும் உண்மையிலேயே உறவு உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் குழுவில் வாசித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஏற்காடு

சகோதரி, பிரசங்க மேடைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி இது. உறவு உண்டு, நகல் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அடுக்கடுக்கான அந்தச் சபை ஆளுகை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் முதல் பிரெஸ்பிட்டரி (ஒரு வட்டாரத்துச் சபைகளை ஆளும் மன்றம்) 1706இல் பிலடெல்பியாவில் அமைந்தது; ஆனால் அந்நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன்களின் பொதுப்பேரவை முதன்முதலாகக் கூடியது 1789இல்தான். அரசியல் சாசனம் அதற்கு முன்பே, 1787இல், அதே நகரத்தில் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் கைவசம் தங்கள் காலனிச் சட்டமன்றங்களின் அனுபவமும், இங்கிலாந்தின் சட்ட மரபும், பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாந்தெஸ்கியூவின் அதிகாரப் பிரிவினைக் கொள்கையும் இருந்தன.

உறவைத் தேட வேண்டிய இடம் வேறு. 1707இல் பிரான்சிஸ் மெக்கெமி என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர், நியூயார்க்கில் உரிமம் பெறாமல் பிரசங்கித்தார் என்று ஆளுநர் கார்ன்பரி பிரபுவால் சிறையில் அடைக்கப்பட்டார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆனாலும் வழக்குச் செலவு முழுவதையும் அவர் தலையிலேயே கட்டியது. அரசு ஆதரவு பெற்ற சபையின் நிழலில் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை இவர்கள் இப்படிப் பட்டுத்தான் அறிந்தார்கள்.

இதன் விளைவை அவர்களுடைய வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலேயே பார்க்கலாம். 1640களில் லண்டனில் எழுதப்பட்ட மூலத்தின் 23ஆம் அதிகாரம், தேவதூஷணத்தையும் கள்ளப் போதகத்தையும் ஒடுக்குவது ஆளுவோரின் கடமை என்று சொல்லியிருந்தது. 1787 மே மாதம், சாசன மாநாடு தொடங்கிய அதே நாட்களில், பிலடெல்பியாவில் கூடிய சினாடு (பிரெஸ்பிட்டரிகளுக்கு மேலான மன்றம்) இந்தப் பகுதியைத் திருத்த முன்மொழிந்து, மறு ஆண்டில் திருத்தத்தை ஏற்றது. ஏசாயா தீர்க்கதரிசனத்தில் நாம் வாசிக்கும் ‘வளர்க்கும் தந்தைகள்’ என்ற உவமையைத் திருத்தியவர்கள் கையில் எடுத்தார்கள். ஆளுவோர் அப்படிப்பட்ட தந்தைகளாயிருந்து, எந்தப் பிரிவுக்கும் முன்னுரிமை தராமல் எல்லாக் கிறிஸ்தவச் சபைகளையும் காக்க வேண்டும் என்று எழுதினார்கள். தங்கள் விசுவாசத்தின் மூல ஆவணத்திலேயே கைவைக்க ஒரு சபை துணிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஜான் விதர்ஸ்பூனையும் விட்டுவிட முடியாது. 1768இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரிக்குத் தலைவரானவர். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் போதகப் பணியில் இருந்தவர் இவர் ஒருவரே. இவரிடம் படித்தவரும், பின்னர் சாசனத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவருமான ஜேம்ஸ் மேடிசன், 1771இல் பட்டம் பெற்ற பிறகும் அங்கேயே தங்கி எபிரெயமும் கற்றார். மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே வேண்டியிராது என்று 1788இல் மேடிசன் எழுதியதில், மனித இயல்பின் பாவத்தைப் பற்றி அந்த வகுப்பறையில் கேட்டதன் சாயல் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹ்யூமின் நூல்களிலிருந்தும் அவர் கற்றார் என்பதால், முழுப் பெருமையையும் ஆசிரியருக்கே கொடுத்துவிடக் கூடாது.

மறுமொழி 2: இறையியல் மாணவர், சேலம்

ஐயா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் குழுவில் வாசிக்கும்போது இதன் மறுபக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விதர்ஸ்பூன் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். 1818இல் கூடிய பொதுப்பேரவை, அடிமைமுறை மனித இயல்பின் மிக அருமையான, பரிசுத்தமான உரிமைகளை மீறுவது என்று ஒருமனதாக அறிவித்தது. அதே பேரவைதான், அடிமைகளை வைத்திருப்பவர்களைக் கடுமையாகக் கண்டித்துவந்த ஜார்ஜ் போர்ன் என்ற வர்ஜீனியாப் போதகரின் பதவி நீக்கத்தையும் உறுதிசெய்தது. முதல் தீர்மானத்தை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பது வரலாறு ஆகாது.

1837இல் பழைய பள்ளி, புதிய பள்ளி என்ற இரு கருத்துப் பிரிவுகளாகச் சபை பிரிந்தது. உள்ளூர்ச் சபையே தன் முடிவுகளை எடுக்கும் மரபைச் சேர்ந்த காங்கிரிகேஷனல் சபையாரோடு 1801இல் செய்துகொண்ட ஒப்பந்தமும் உபதேச வேறுபாடுகளுமே வெளிப்படையான காரணங்கள் என்றாலும், அடிமைமுறை பற்றிய கருத்து வேறுபாடும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. 1845இல் பழைய பள்ளிப் பேரவை, அடிமைகளை வைத்திருப்பது ஒருவரைத் திருவிருந்திலிருந்து விலக்கக் காரணமாகாது என்று தீர்த்தது. உள்நாட்டுப் போர் வெடித்த 1861இல் தென்மாநிலச் சபைகள் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கூடித் தனிப் பேரவை அமைத்தன. சபை ஆவிக்குரிய காரியங்களை மட்டுமே பேச வேண்டும், அரசின் காரியங்களில் தலையிடலாகாது என்று தார்ன்வெல் போன்ற தென்னக இறையியலாளர்கள் போதித்தார்கள். மெக்கெமியைப் போன்றவர்களுக்குக் கேடயமாக இருந்த சபை–அரசு பிரிவினை, இவர்கள் கையில் வாயை மூடிக்கொள்வதற்குச் சாக்காயிற்று. வடக்கும் தெற்குமாகப் பிரிந்த அந்த இரு பெரும் சபைகள் மீண்டும் இணைந்தது 1983இல்தான்.

கேட்டவர்: அஸ்தம்பட்டி வாசகி

இருவருக்கும் நன்றி. 1818ஆம் ஆண்டின் இரண்டு தீர்மானங்களையும் அடுத்தடுத்து வாசிப்பேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதி: தாத்தாவின் குறிப்பேட்டில் உள்ள பழக்கத்தை பிரெஸ்பிட்டேரியன் பழக்கம் என்று நான் சொல்லலாமா?

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஏற்காடு

அப்படிச் சொல்லிவிட முடியாது, சகோதரி. சேலத்தில் 1827 முதல் பணி செய்தது லண்டன் மிஷனரி சங்கம். அதன் மரபு பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபு. அதில் உள்ளூர்ச் சபைக்கு மேலே தீர்ப்புச் சொல்லும் பிரெஸ்பிட்டரி கிடையாது. சபையார் கூடி எடுப்பதே முடிவு. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது பிரெஸ்பிட்டேரியன் மரபும் காங்கிரிகேஷனல் மரபும் ஒன்று சேர்ந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்ததும் பேராயர்களும் வந்தார்கள். ஆகவே அந்த நான்கு கையெழுத்துகளில் எந்த மரபு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எளிதன்று. குறிப்பேட்டில் 1947க்கு முந்தைய பக்கங்கள் இருந்தால், செலவுக்கு ஒப்புதல் தந்தது முழுச் சபைக் கூட்டமா, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் மட்டுமா என்று பாருங்கள். காகிதம் பொடியும் நிலையில் இருக்குமானால், புரட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.