புதுக் கல்சட்டி: வெளியே எண்ணெய் பூக்கிறது, ஒரு கோடும் தெரிகிறது. விரிசலா?

வேளச்சேரி வாசி:
மயிலாப்பூர் மாட வீதியில் கல்சட்டி வாங்கினேன். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, அப்புறம் தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றிப் பழக்கினேன். இன்றுதான் முதன்முதலாகச் சிறு தீயில் தண்ணீர் வைத்தேன். வெளிப்பக்கம் பழுப்பாக எண்ணெய் முத்து முத்தாகப் பூக்கிறது. நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு. ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார், வத்தக்குழம்பு வைக்க ஆசை. புளிக்கரைசலோடு சட்டி பிளந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மாம்பலம் மாமி:
எண்ணெய் பூப்பதற்குப் பயப்படாதே மா. மாக்கல் குடித்த எண்ணெய் சூட்டில் வெளியே வருகிறது, துணியால் துடைத்துவிடு. போகப் போகச் சட்டி கறுக்கும், அது நல்லதுதான்.

கோட்டைத்தான் பார்க்கணும். குறுக்கே நகத்தை இழு. வழுக்கிக்கொண்டு போனால் கல்லிலேயே ஓடும் ரேகை. நகம் தட்டினால், உள்பக்கம் அதே இடத்திலும் கோடு இருக்கிறதா என்று பார். எதற்கும் சட்டியை நன்றாக ஆறவிட்டு, செய்தித்தாள் மேல் வைத்து, தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விடு. தாள் நனைந்தால் அடுப்பில் ஏற்றவே கூடாது. கல்லுப்பு போட்டு வைக்கலாம்.

அண்ணா நகர் தம்பி:
இண்டக்‌ஷனில் கல்சட்டி சூடேறாது, கேஸ்தான். வெறும் சட்டியைக் காயவிடாதீர்கள். சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றுவதும் ஈரமான கிரானைட் மேடையில் இறக்குவதும்தான் பல சட்டிகளுக்கு எமன். பிரிமணையில் வையுங்கள். சோப்பு வேண்டாம், கல் வாசனையை இழுத்துக்கொள்ளும். கடலை மாவு போதும். புளி பற்றிக் கவலையே இல்லை. பித்தளைக்குத்தான் ஈயம் பூசணும், மாக்கல்லைப் புளி ஒன்றும் செய்யாது.

வேளச்சேரி வாசி:
நகம் தட்டவில்லை. தாளும் காலையில் காய்ந்தே இருந்தது. ரொம்ப நன்றி மாமி, தம்பி. சுண்டைக்காய் வற்றலை அதிலேயே வறுக்கலாமா?

மாம்பலம் மாமி:
இப்போதைக்கு வேண்டாம். காய்ந்த எண்ணெயின் சூட்டைப் புதுச்சட்டி தாங்காது. இரும்புக் கரண்டியில் வற்றலை வறுத்து, தாளிப்பையும் அதிலேயே முடித்துச் சட்டியில் கொட்டு. குழம்பு கொஞ்சம் தளர இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடு. கல்லில் இருக்கும் சூட்டிலேயே இன்னும் சில நிமிஷம் தளதளவென்று கொதித்துத் தானாகச் சுண்டும்.