சாலியபுர ரேஸுக்கு ஸ்கேனர் கொண்டுபோனால் ஏதாவது கேட்குமா?

கண்டாவளையான்:
எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருந்து மாமா கோயில் திருவிழாவுக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது தன்னுடைய யூனிடன் பிசி125ஏடி ஸ்கேனரை, அதுதான் மற்றவர்கள் றேடியோவில் கதைப்பதைத் தேடிப் பிடித்துக் கேட்கிற பெட்டியை, என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே இண்டிகார் என்ற கார் ரேஸ் நடக்கும்போது இதைக் காதில் மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் பிட்டில், அதாவது கார் திருத்துகிற இடத்தில், நிற்கிற தன் அணியோடு கதைப்பதை அப்படியே கேட்பாராம். நானும் மூன்று நாளாக முற்றத்தில் வேப்பமரத்தடியில் இருந்து அமத்தி அமத்திப் பார்க்கிறேன், கரகரப்புத்தான். ஒரே ஒருமுறை விமானி ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ இலக்கம் சொன்னது பக்கத்து வீட்டில் நின்று கதைப்பதுபோலக் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒன்றையும் காணோம்.

கேள்வி இதுதான். அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரோஸ் மோட்டார் ரேஸ் நடக்கும்போது இதைக் கொண்டுபோனால் ஏதாவது கேட்குமா? இல்லாவிட்டால் பெரிய அன்ரெனா ஒன்றைக் கட்டி வீட்டில் இருந்தே பிடிக்கலாமா? அம்மா வேறு, "வோக்கிடோக்கி மாதிரிச் சாமானோட ஏ9 றோட்டுப் பக்கம் போகாதை" என்று ஒற்றைக் காலில் நிற்கிறா.

பரந்தன் றேடியோக்காரன்:
தம்பி, முதலில் ஸ்குவெல்ச்சை, அதுதான் வெறும் இரைச்சலை அடக்குகிற திருகியை, கொஞ்சம் கூட்டு. எந்நேரமும் கரகரப்புக் கேட்கிறது என்றால் அது திறந்தபடி கிடக்கிறது. அப்படிக் கிடந்தால் ஸ்கேனர் அந்த இரைச்சலையே யாரோ கதைக்கிறார்கள் என்று நினைத்து ஒரே சனலில் நின்றுவிடும், மற்றச் சனல்களைத் தேடவே போகாது. கரகரப்பு அடங்கும் இடம் வரை கூட்டி, அதோடு நிற்பாட்டு. அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் உண்மையான கதையையும் விழுங்கிவிடும்.

வீட்டில் இருந்து சாலியபுரவைக் கேட்கிற கதையை விடு. ரேஸில் பாவிக்கும் கையடக்க றேடியோக்கள் விஎச்எஃப், யூஎச்எஃப் அலைகளில் சில வொட் சக்தியில்தான் வேலை செய்யும். அந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. தரையில் சில கிலோமீற்றர்தான், உனக்கும் சாலியபுரவுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல். விமானியைக் கேட்டது எப்படி என்றால், அவர் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறார். அங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் நேர்கோடு கிடைக்கும், ஆளை உன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

பழைய ஆட்கள், "அந்தக் காலத்தில் லண்டனே கேட்டது, அனுராதபுரம் கேட்காதோ" என்பார்கள். அது சிற்றலை, மேலே அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றறி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் லண்டன் பிபிசியின் தமிழோசைக்குக் காது கொடுப்போம். டைனமோவில் வருவது ஏசி, நேரே கொடுத்தால் றேடியோ 'ஊ' என்று இரையும். நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டுக் கொடுத்தால்தான் ஆள் கதைப்பது விளங்கும். எத்தனை வீட்டுக்குச் செய்து கொடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். சரி, அது வேறு கதை.

ஸ்காபரோ சண்:
மாமா சொன்னது பொய்யில்லை தம்பி. 1986 இல் இருந்து எக்ஸிபிஷன் பிளேஸ் தெருக்களில் நடந்த ரேஸ் அது, நானும் போயிருக்கிறேன். ஆனால் சும்மா தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் அகப்படாது, எந்தக் கார் எந்த அலைவரிசை என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். உன்னுடைய ஸ்கேனரில் 500 சனல், பத்து பாங்காக, அதாவது பத்துத் தொகுதியாக. நான் கார் இலக்கத்தையே சனல் இலக்கமாகப் போடுவேன், 12 ஆம் இலக்கக் கார் முன்னுக்கு வந்தால் 12 ஐ அமத்தினால் சரி. பட்டியல் இல்லாவிட்டால் குளோஸ் கோல் என்று ஒரு வசதி இருக்கிறது, கிட்ட நின்று யாராவது அனுப்பினால் அதுவே கண்டுபிடித்து நிற்கும்.

கேட்கச் சுவையானது அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸ்தான். மைதானத்து உச்சியில் ஸ்பொட்டர் என்று ஒருவர் நிற்பார், அவர்தான் ஓட்டுநரின் பின்கண். "உள்ளே ஒரு கார்... இன்னும் உள்ளே... இன்னும்... விட்டிட்டான்" என்று ஓட்டம் முழுக்க ஓதிக்கொண்டே இருப்பார். மற்ற அணிகளும் ஒட்டுக்கேட்கின்றன என்று தெரிந்தே, பிட்டுக்கு வா என்று பொய்க்குச் சொல்லுவதும் உண்டு.

எஃப்1 (ஃபோர்முலா வண்) ரேஸில் இந்த விளையாட்டு இல்லை, எல்லாம் மறைகுறியாக்கம் செய்தது. ரீவியில் வருவது அவர்கள் பொறுக்கி எடுத்துச் சற்றுப் பிந்திப் போடுவது. 2010 இல் ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில், முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்த மாசாவுக்கு, அதே அணியின் பெர்னாண்டோ அலொன்சோவைப் பற்றி, "பெர்னாண்டோ உன்னைவிட வேகம், விளங்குதா?" என்று பெராரி சொன்னதை உலகமே கேட்டதும் அப்படித்தான். வழிவிடு என்று சொல்லாமல் சொன்னதற்கு ஒரு லட்சம் டொலர் தண்டம்.

உன்னுடைய சாமான் கேட்க மட்டும்தானே, அது ஒன்றும் அனுப்பாது. எதற்குப் பயம், கொண்டுபோ.

வவுனியா ரேஸ் பைத்தியம்:
ஸ்காபரோவில் இருந்துகொண்டு கொண்டுபோ என்று சொல்வது சுகம் அண்ணை. சாலியபுர என்றால் கஜபா படைப்பிரிவின் தலைமையகம். வாசலில் பையைத் திறந்து காட்டும்போது அன்ரெனா வைத்த, இலக்கம் ஓடுகிற பெட்டி ஒன்று வெளியே வந்தால், இது வோக்கி இல்லை, கேட்க மட்டும்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளங்கப்படுத்த நான் தயாரில்லை. கிளிநொச்சி விலாசம் போட்ட அடையாள அட்டையோடு நீயும் வேண்டாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அனுமதிப்பத்திரம் கேட்பது அனுப்புகிற கருவிக்கு என்றாலும், மாமா இதை எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டாவது இருக்கிறதா? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் ஒருக்கால் விசாரித்துவிடு.

அதோடு, அங்கே கேட்க என்ன இருக்கிறது? மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குப் பிட்டில் பலகையில் எழுதித்தான் காட்டுவார்கள். மிச்சம் ஏற்பாட்டாளர்களும் கொடிக்காரர்களும் தங்களுக்குள் கதைப்பது, அது உனக்கும் எனக்கும் உரிய கதை இல்லை.

இன்னொன்று. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை பொக்ஸ் ஹில் ரேஸில் கார் பாதையை விட்டுப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு காதை முழுக்க மூடுகிற ஹெட்போனோடு ஓடுபாதை ஓரம் நிற்க எனக்கு மனம் வராது. யாராவது கத்தினால் கேட்க வேண்டும். இரைச்சலுக்குச் சின்னக் காதடைப்பான் போதும்.

கண்டாவளையான்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்குவெல்ச்சைக் கூட்டினேன், கரகரப்பு நின்றது, நேற்றிரவு மட்டும் நாலு விமானம். ரேஸுக்கு ஸ்கேனர் இல்லாமலே போகிறேன்.

பரந்தன் அண்ணையின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் சுற்றினது தான்தானாம், கை மாற்றக்கூட ஒருவரும் வரவில்லையாம். இப்போது ஸ்கேனருக்கு இரண்டு பென்ரோச் பற்றறி வாங்கக் காசு கேட்டால், பழைய சைக்கிள் கொட்டிலுக்குள் நிற்குது, போய்ச் சுற்று என்கிறா.