மெரிங் கூடு ராத்திரி மொறுமொறுன்னு இருக்கு, விடிஞ்சா பிசுபிசுன்னு ஆயிருது, ஞாயித்துக்கிழமைக்கு முன்ன ஒரு வழி சொல்லுங்க

கடலோரத்து அடுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க வீடு குளச்சல் பக்கம், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ரெண்டே தெருதான். வாற ஞாயித்துக்கிழமை அண்ணன் மவளுக்கு கோயில்ல புதுநன்மை (முதல் நற்கருணை), மதியம் சொந்தக்காரங்க மட்டும் ஒரு முப்பது பேரு, பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு, ஆனா கடைசில குடுக்குற இனிப்பு அத்தை நீங்கதான் செய்யணும்னு பிள்ளை சொல்லிட்டா. அவ போடுற உடுப்பு மாதிரியே வெள்ளையா இருக்கணுமாம். ஏதோ வீடியோல மெரிங் நெஸ்ட் பாத்திருக்கா, வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரையா அடிச்சு குருவிக்கூடு கணக்கா பிழிஞ்சு ஓடிஜில (கரண்ட் அவன்) வச்சு எடுத்து, உள்ள கிரீமும் பழமும் வச்சு குடுக்குறது.

நேத்து நாலு முட்டை வெள்ளைக்கரு, 200 கிராம் சீனி, ஒரு ஸ்பூன் கான்ஃப்ளார், கொஞ்சம் வினிகர் எல்லாம் போட்டு அடிச்சு 150 டிகிரில 45 நிமிஷம் வச்சேன். எடுக்கும்போ தட்டுனா டொக்குன்னு சத்தம் வந்துச்சு, ஓரமெல்லாம் மட்டும் லேசா செவந்திருந்துச்சு. சந்தோசமா தட்டுல அடுக்கி வலைமூடி போட்டு மேசை மேல வச்சிட்டு படுத்தேன். காலைல பாத்தா மேல பூரா சின்னச் சின்னதா தேன் சொட்டு மாதிரி மஞ்சளா வேர்த்து நிக்குது, எடுத்தா விரல்ல ஒட்டுது, அடிப்பக்கம் பேப்பரோட போயிருச்சு. இன்னைக்கும் நாலு முட்டை போட்டு செஞ்சேன், அதே கதைதான். எட்டு மஞ்சக்கரு ஃபிரிட்ஜ்ல தண்ணி ஊத்தி மூடி வச்சிருக்கேன், அத என்ன செய்யன்னும் தெரியல. கிரீம் இன்னொரு பாடு, பெட்டி ஃப்ரெஷ் கிரீம் வாங்கி இருபது நிமிஷம் பீட்டர்ல அடிச்சும் தண்ணியாவே கெடக்கு.

வீட்டுல செங்கவருக்கை மாம்பழம் இருக்கு, ஒரு வருக்கைச் சக்கை (பலா) பழுத்து நிக்குது, மட்டி வாழைக்குலை ஒண்ணு தொங்குது. இன்னைக்கு புதன், இடையில மூணு நாள்தான். பிள்ளைகிட்ட இல்லன்னு சொல்ல மனசு வரல.

மார்த்தாண்டம் பேக்கிங் அக்கா:

மக்ளே, கவலப்படாத, மூணு நாள் தாராளம். நீ செஞ்சதுல பெரிய தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு விசயம் கலந்து போச்சு. கான்ஃப்ளாரும் வினிகரும் போட்டு செய்யுறது பாவ்லோவா, அது மேல ஓடு மாதிரியும் உள்ள பஞ்சு மாதிரி மெத்துன்னும் இருக்கணும்னே செய்யுறது, அன்னைக்கே சாப்பிட்டு முடிச்சிரணும். அன்னா பாவ்லோவான்னு ஒரு ரஷ்ய நடனக்காரி 1926ல ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் ஆடுனாங்க, அவங்க பேருதான் அது, மொதல்ல செஞ்சது நாங்கதான்னு ரெண்டு நாட்டுக்காரங்களும் இன்னைக்கும் சொல்லிக்கிடுறாங்க. உனக்கு வேண்டியது கூடு, அது உள்ளயும் வெளியயும் ஒண்ணுபோல காஞ்சிருக்கணும். வேகவைக்குறதுன்னு நினைக்காத, அப்பளம் காயப்போடுற மாதிரி காய வைக்குறதுன்னு நினைச்சுக்கோ, அப்பம் சூடு எவ்வளவு வைக்கணும்னு தன்னால வெளங்கும்.

150 ரொம்ப அதிகம். 100 போதும், ஆனா நேரம் ரெண்டு மணிக்கூர் குடு. ஓடிஜில மேல் ராடு எரிஞ்சா செவக்கத்தான் செய்யும், கீழ் ராடு மட்டும் போடு, தட்டைக் கீழ்த்தட்டுல வை. பேப்பர்ல இருந்து கூடு தன்னால கழண்டு வந்தா காஞ்சாச்சுன்னு அர்த்தம், ஒட்டுனா இன்னும் கெடக்கட்டும். நேரம் முடிஞ்சதும் வெளிய எடுக்காத, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு கதவ மூடுனபடியே ராத்திரி பூரா உள்ளயே விடு. நீ வேர்வைன்னு சொன்னியே, அது பாதி அதிக சூட்டுல வந்தது, பாதி கரையாத சீனி.

அதனால இந்த மழைக்காத்துக்கு நான் சொல்லுறது ஸ்விஸ் முறை. ஒரு சட்டில தண்ணி கொதிக்க வச்சு அது மேல ஸ்டீல் பாத்திரத்த வை, பாத்திரத்துக்க அடி தண்ணில படக்கூடாது. வெள்ளைக்கருவையும் சீனியையும் அதுல போட்டு விஸ்க்கால கிண்டிட்டே இரு. 70 டிகிரிக்கு கொஞ்சம் மேல போனா போதும், தெர்மாமீட்டர் இல்லன்னா ரெண்டு விரல்ல தொட்டு தேச்சுப் பாரு, மணல் மாதிரி ஒண்ணும் தட்டுப்படக்கூடாது, விரல் சுடவும் செய்யணும். அப்புறம் எறக்கி, பாத்திரம் ஆறுற வரைக்கும் பீட்டர்ல பெலமா அடி. பீட்டர தூக்குனா நுனி வளையாம நட்டமா நிக்கணும், நிறம் பீங்கான் மாதிரி பளபளன்னு இருக்கும். நுரை சும்மா அடிச்சு செய்யுறதவிட உறுதியா நிக்கும், முட்டை சூடு கண்டதுனால பிள்ளையளுக்கு குடுக்கவும் பயமில்ல.

அளவு, ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 55ல இருந்து 60 கிராம் சீனி. வெள்ளையா வேணும்னு சீனியக் கொறச்சிராத, சீனி கொறஞ்சா நுரையும் நிக்காது, காயவும் செய்யாது. சீனிய மிக்சில ஒரு சுத்து சுத்தி எடுத்தா போதும், கடையில ஐசிங் சுகர்னு விக்குற மாவுப்பொடி வேண்டாம், அதுல கான்ஃப்ளார் கலந்திருக்கும். நாலு வெள்ளைக்கருவுக்கு அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும், வினிகர் தேவையில்ல. பாத்திரத்த எலுமிச்சைத் தோலால ஒரு தடவ துடைச்சு எடு, பிளாஸ்டிக் பாத்திரம் எடுக்கவே எடுக்காத, எவ்வளவு கழுவுனாலும் அதுல எண்ணெய்ப்பசை நிக்கும். மஞ்சக்கரு ஒரு துளி விழுந்தாலும் அந்த முட்டைய ஆம்லெட்டுக்கு எடுத்துரு.

முட்டம் காத்து:

நானும் கடல் பக்கம்தான், அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா இங்க பாதி வேல செஞ்ச பெறவுதான் இருக்கு கேட்டியளா. ராத்திரி பூரா வலைமூடிக்குள்ள வச்சேன்னு சொன்னீங்களே, அங்கதான் போச்சு. சீனி காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், நம்ம வீட்டு உப்பு டப்பா மழைக்காலத்துல எப்படி கசிஞ்சு நிக்குதுன்னு பாருங்க, அதே சங்கதிதான். ஓடிஜில ஆறுனதும் நேரா டின்னுக்குள்ள போகணும், நடுவுல பத்து நிமிஷம்கூட மேசைல வைக்காதீங்க. எங்க அம்மா அச்சுமுறுக்கு போட்டு வைக்குற பழைய தகர டின்ன வெயில்ல காய வச்சு எடுத்துக்கிடுவேன், கூடுகள பட்டர் பேப்பர் விரிச்சு அடுக்கி மூடி சுத்தி டேப் ஒட்டிருவேன். ரெண்டு வாரம் நிக்கும். ஃபிரிட்ஜ்ல மட்டும் வச்சிராதீங்க, அங்க ஈரம் ஜாஸ்தி.

அப்படியும் நமுத்துட்டா தூரப் போட வேண்டாம், 100 டிகிரில இருபது நிமிஷம் வச்சு உள்ளயே ஆறவிட்டா திரும்ப மொறுமொறுப்பு வந்துரும். செவந்து வேர்த்து போனதுக்கு மட்டும்தான் இது ஒக்காது.

நாகர்கோவில் மருமவ:

எனக்கு பொறந்த வீடு தூத்துக்குடி, கெட்டிக்குடுத்தது நாகர்கோவில்ல. இத வாசிச்சதும் எங்க அப்பா ஞாபகம் வந்துட்டு, அவங்க பேக்கரில மக்ரூன் போடுற வேலதான் செஞ்சாங்க. நீங்க செய்யுற மெரிங்கும் எங்க ஊரு மக்ரூனும் ஒரே குடும்பம்தான் தங்கச்சி, வெள்ளைக்கரு, சீனி, அதோட அண்டிப்பருப்பு (முந்திரி) பொடி, அவ்வளவுதான் சாமானம். அப்பா விறகு அடுப்புல ரொட்டியெல்லாம் எடுத்து முடிச்ச பெறவு, மிச்சம் கெடக்குற சூட்டுலதான் மக்ரூன் தட்ட உள்ள தள்ளுவாங்க, விடியக்காலம் போய் எடுப்பாங்க. அவசரப்பட்டு தீயக் கூட்டுனா மூக்கு செவந்திரும்னு சொல்லுவாங்க, அந்த கூம்பு நுனியத்தான் மூக்குன்னு சொல்றது. கடல் பக்கத்து ஊருலயே இத்தன காலமா செஞ்சு பாக்கெட்டுல அடைச்சு ஊரு ஊரா அனுப்புறாங்க, அதனால கடக்காத்துல வராதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

பருப்பு சேக்கணும்னு ஆசையிருந்தா பொடிய நுரை நல்லா நின்ன பெறவு கடைசில தூவி கரண்டியால பைய கீழருந்து மேல புரட்டுங்க, பருப்புல எண்ணெய் இருக்கு, பீட்டர வச்சு அடிச்சா நுரை ஒக்காந்திரும். பிள்ளைக்கு வெள்ளையா வேணும்னா மேல ரெண்டு சில்லு ஒட்டினா போதும்.

கடலோரத்து அடுப்பு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னே தெரியல. இன்னைக்கு ராத்திரியே ஸ்விஸ் முறைல நாலு முட்டை போடுறேன். ரெண்டு சந்தேகம். எனக்க ஓடிஜி சின்னது, ஒரு தட்டுக்கு பத்து கூடுதான் கொள்ளும், பன்னெண்டு முட்டைய மொத்தமா அடிச்சு வச்சுக்கிட்டு தட்டு தட்டா வைக்கலாமா? அப்புறம் நடுவுல கரண்ட் போச்சுன்னா?

மார்த்தாண்டம் பேக்கிங் அக்கா:

மொத்தமா அடிக்காத மக்ளே. ஒரு தட்டு காய ரெண்டு மணிக்கூர், அதுவரைக்கும் நுரை காத்திருக்காது, தண்ணி விட்டுரும். புதன் ஒரு தட்டு, வியாழன் ஒரு தட்டு, வெள்ளி ஒரு தட்டு, ராத்திரி வச்சு காலைல எடுத்து டின்னுல அடை, சனிக்கிழமை கையில மிச்சம் கெடக்கும், எது ஒடஞ்சாலும் அன்னைக்கு செஞ்சுக்கிடலாம். ஆறு சென்டிமீட்டர் வட்டம் பேப்பர்ல பென்சில்ல போட்டு பேப்பர திருப்பி வச்சு அது மேல பிழி, மொதல்ல அடித்தட்டு, அப்புறம் ஓரத்துல ரெண்டு சுத்து சுவரு. கரண்ட் போனா கதவத் தொறக்காத, உள்ள சூடு நிக்கும், வந்ததும் மிச்ச நேரத்த குடு, கூடுதலா அரை மணிக்கூர் சேத்துக்கோ.

முட்டம் காத்து:

உள்ள வைக்குறத பத்தி யாரும் இன்னும் சொல்லலியே, எனக்கு இதுலதான் ஆசை அதிகம். கூடே முக்கால்வாசி சீனி, அதுக்குள்ள இன்னும் சீனி போட்ட கிரீமும் இனிப்பு மாம்பழமும் வச்சா ரெண்டாவது வாய் திகட்டிரும். புளிப்பு வேணும். ஒங்க எட்டு மஞ்சக்கருவுக்கு அதுதான் வழி, லெமன் கர்ட் செய்யுங்க. எட்டு மஞ்சக்கரு, 200 கிராம் சீனி, எட்டு எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் தோல் சீவுனது, டபுள் பாயிலிங்ல, அதான் கொதிக்குற தண்ணிச் சட்டி மேல, வச்சு கைவிடாம கிண்டணும், கரண்டிக்கு பின்னால விரலால கோடு போட்டா கோடு அப்படியே நிக்கணும், அப்பம் எறக்கி 120 கிராம் வெண்ணெய் போட்டு கலக்கி வடிகட்டுங்க. கொதிக்க விட்டா முட்டைப் பொரியலா திரிஞ்சிரும், அது ஒண்ணுதான் பாத்துக்கிடணும். ஃபிரிட்ஜ்ல அஞ்சாறு நாள் நிக்கும். வேலியில பேஷன் ஃப்ரூட் கெடந்தா எலுமிச்சைல பாதிக்கு அத ஊத்துங்க, வாசனையே வேற.

பெட்டி ஃப்ரெஷ் கிரீம்ல கொழுப்பு 25 சதவீதம்தான், அது ஜென்மத்துக்கும் நிக்காது. விப்பிங் கிரீம்னு கேட்டு வாங்குங்க, 35க்கு மேல இருக்கணும், பாத்திரத்த ஐஸ் தண்ணில வச்சு அடிங்க. கெடைக்கலன்னா புளிக்காத தயிர துணில கெட்டி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ்ல தொங்கவிட்டு எடுத்து கொஞ்சம் சீனிப்பொடி போட்டு கலக்குங்க, எங்க வீட்டுல கிரீமவிட அதத்தான் கேக்குறாங்க.

பழத்துக்கு, வருக்கைச் சக்கைய பொடிசா நறுக்குனா மாம்பழத்தவிட நல்லா நிக்கும், தண்ணி விடாது. வீட்டுல சக்க வரட்டி (பலாப்பழத்த வெல்லம் போட்டு கிண்டுனது) இருந்தா கிரீமுக்கு அடியில ஒரு சின்ன ஸ்பூன் வச்சுப் பாருங்க, அந்த கருத்த இனிப்பும் தயிரு புளிப்பும் சேந்து வாற ருசி எனக்கு ரொம்ப இஷ்டம். கைதச்சக்கை (அன்னாசி) வைக்கணும்னா சீனில ஒரு கொதி விட்டு ஆறவச்சு வைங்க, பச்சையா வச்சா கிரீம் கசக்கும். நம்ம மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சிருக்கு, பெரிய மனுசங்க வருவாங்கல்ல, அவங்களுக்கு மட்டிய வட்டமா நறுக்கி எலுமிச்சைச் சாறு தடவி வச்சு மேல ஒரு சொட்டு மார்த்தாண்டம் தேன் விட்டு குடுங்க. தேன நுரையில மட்டும் சேக்காதீங்க, காயவே காயாது.

எப்பம் நிறைக்கணும்கிறதுதான் கடைசி சங்கதி. பந்தி பாதி போகும்போ நிறைக்க ஆரம்பிங்க, அதுக்கு முன்ன வேண்டாம். கை நிக்காதுன்னு பயமிருந்தா வெள்ளை சாக்லேட்ட உருக்கி கூட்டுக்க உள்பக்கம் மட்டும் பிரஷ்ஷால தேச்சு காயவிடுங்க, ஈரம் சீக்கிரம் எறங்காது, ஒரு மணிக்கூர் தாங்கும்.

கடலோரத்து அடுப்பு:

ஞாயித்துக்கிழமை ராத்திரி எழுதுறேன், இப்பம்தான் பாத்திரம் கழுவி முடிச்சேன். மொத்தம் முப்பத்தி மூணு கூடு வந்துச்சு, புதன்கிழமை வச்ச தட்டு பேப்பர்ல இருந்து தன்னால கழண்டு வந்தப்போ எனக்கு கண்ணே கலங்கிட்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி முக்கால் மணிக்கூர் கரண்ட் போச்சு, கதவத் தொறக்காம நின்னேன், அந்த தட்டும் நல்லாவே வந்துச்சு. காலைல பூசைக்கு போகும்போ நல்ல மழை, டின்னுக்க டேப்ப வீட்டுக்கு வந்து பந்தி போட்ட பெறவுதான் பிச்சேன்.

நானும் மைனியும் அடுக்களைல நின்னு நிறைச்சோம், அவங்க கர்ட் வைக்க, நான் தயிரும் சக்கையும் வைக்க, பதினஞ்சு நிமிஷத்துல முப்பதும் ஆச்சு. பிள்ளை வெள்ளை உடுப்போட வந்து மொத கூட்ட கையில வாங்கி ஒரு கடி கடிச்சா, நொறுங்குன சத்தம் அடுக்களை வாசல்ல நின்ன எனக்கு கேட்டுச்சு. எங்க மாமா ஒருத்தரு, இனிப்பே தொடாதவரு, மட்டியும் தேனும் வச்சது ரெண்டு கேட்டு வாங்கி தின்னாரு. சாக்லேட் தேச்ச பத்து கூடு ஒரு மணிக்கூர் கழிச்சும் மொறுமொறுன்னு இருந்துச்சு, தேய்க்காததுல வச்சது பாதி நேரத்துலயே அடி எளகிட்டு, அதையும் சொல்லிருதேன்.

டின்னுல வெறுங்கூடு மூணு மிச்சம் இருக்கு. நாளைக்கு பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை இங்க வருவா, பக்கத்து வீட்டு வேலியில இருந்து பேஷன் ஃப்ரூட் நாலு கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.