பழைய பேப்பரில் சுவர் அலங்காரம்: கெடுவது எங்கே? (பலரின் அனுபவப் பகிர்வு)

எல்லாரும் முதலில் கை வைப்பது பேப்பர் குழல் சூரியனில்தான், அதிலிருந்தே தொடங்கலாம். நடுவில் 15 செ.மீ. வட்டக் கண்ணாடி, சுற்றிலும் கதிர். நாலு பக்கம் உள்ள செய்தித்தாளை விரித்து, நீளவாக்கில் நாலு கீற்றாக வெட்டுங்கள். கீற்றின் ஒரு மூலையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை 30 பாகை சாய்த்து வைத்து இறுக்கி உருட்டிக்கொண்டே போய், கடைசி மூலையில் மட்டும் பசை தொட்டு ஒட்டிவிட்டுக் கம்பியை உருவ வேண்டும். கம்பி நீளப் பக்கத்தை ஒட்டிச் சாய்ந்தால் குழல் நீளமாக வரும். நிமிர்த்திப் பிடித்தால் குட்டையாகத் தடித்துவிடும். ஒரு குழலைப் பாதியாக வெட்டினால் இரண்டு கதிர். கண்ணாடியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடுக்க 75, 80 கதிர் பிடிக்கும். அதற்கு 10 தாள் போதும்.

பெயிண்ட் அடிக்கும்போதுதான் பலருக்கும் வெறுத்துப்போகும். வெள்ளை அடித்தால் அச்சு மை ஊறி மேலே வந்து சாம்பல் நிறமாகிவிடும். இரண்டாவது கை, மூன்றாவது கை அடித்தாலும் அதே கதை. முதலில் ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்து நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பெயிண்ட் அடியுங்கள்.

---

அக்கா குழலைச் சொல்லிவிட்டார்கள், அதைத் தாங்கும் அட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். அட்டைப்பெட்டியில் 22 செ.மீ. வட்டம் ஒன்றே ஒன்று வெட்டி ஒட்டினால் ஒரு வாரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பசையின் ஈரம் ஏறிய பக்கம் காயும்போது சுருங்கி அட்டையை இழுப்பதுதான் காரணம். இரண்டு வட்டம் வெட்டி, உள்ளே ஓடும் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டுங்கள். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இழுப்பு இரு பக்கமும் சமமாகிவிடும். மேலே பாலிதீன் விரித்து ராத்திரி முழுக்க அம்மிக்கல்லோ கனமான புத்தகமோ ஏற்றி வையுங்கள்.

தாள் ஒட்ட மைதாப் பசையே தாராளம்: 4 ஸ்பூன் மைதா, 2 டம்ளர் தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கண்ணாடிபோல் ஆகும் வரை கிண்ட வேண்டும். வெறும் மைதா என்றால் கரப்பானுக்கு விருந்து. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் கூட உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் துத்தம் வேண்டாம், ஃபெவிகாலுக்கே போய்விடுங்கள்.

---

பேப்பர் கூழ்த் தட்டு யாரும் சொல்லவில்லையே! பாட்டிமார் கூடை செய்த அதே கூழ்தான். 10 தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவையுங்கள், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். 2 மேசைக்கரண்டி வெந்தயத்தை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, பேப்பரோடு சேர்த்து அரைக்கவும். மிக்ஸி என்றால் ஒரு கைப்பிடியும் நிறையத் தண்ணீருமாகப் போடுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். பிறகு பிழிந்து சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவரவும்.

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, பாலிதீன் சுற்றி, அதன்மேல் அரை அங்குலக் கனத்தில் தட்டுங்கள். கனம் எங்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போதே பேனா மூடியால் அழுத்திப் புள்ளிக் கோலம் போடலாம். மாட்டுவதற்கான கம்பி வளையத்தையும் இப்போதே கூழுக்குள் புதைத்துவிட வேண்டும், காய்ந்தபின் ஒட்டினால் நிற்காது. நேரே உச்சி வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து வெடிக்கும். முதல் நாள் நிழல், அப்புறம் வெயில். முழுதாகக் காய நாலைந்து நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள், பூஞ்சை பிடித்து நாறும். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். அதை நம்பி வார்னிஷை விட்டுவிட வேண்டாம்.

---

கூழ்த் தட்டில் முட்டை ஓடு பதித்தால் அழகு தனி. ஓட்டின் உள்சவ்வை ஊறவைத்து உரித்தே ஆக வேண்டும். சவ்வு இருந்தால் நாளடைவில் ஓடு பெயரும், வாடையும் அடிக்கும். ஃபெவிகால் தடவி ஓட்டை வைத்து விரலால் அழுத்தினால் அதுவே நொறுங்கிப் பரவிக்கொள்ளும்.

பழைய சி.டி. துண்டுகளுக்கு ஃபெவிகால் பயனில்லை. அது தண்ணீர் வற்றித்தான் இறுகும். வழவழப்பான பிளாஸ்டிக் அந்த ஈரத்தை உறிஞ்சாது. ரப்பர் பசை வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் போட்டு எடுத்தால் விரிசல் குறையும்.

---

சார், மாட்டுவது பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் இரட்டைப் பக்க டேப் ஒட்டாதீர்கள். டேப் பிடிப்பது மேலே உள்ள பொடியைத்தான். பொடியோடு சேர்ந்து கண்ணாடி கீழே வரும். ஒரு அங்குலக் கான்கிரீட் ஆணி அடியுங்கள். வெளிச்சுவரின் உள்பக்கம் மழைக்கு ஓதம் ஏறும் என்றால், பின்னால் மூன்று இடத்தில் பாட்டில் மூடி ஒட்டிச் சுவருக்கும் அட்டைக்கும் நடுவே காற்றோட இடம் விடுங்கள்.