பயர்வால் பக்கம் மாட்டிக்கொண்ட ஆக்சிஜன் சென்சார்: வீட்டிலேயே மாற்றலாமா, கூடாதா?

ஒத்தக்கண்ணாடி:
2014 மாடல் பெட்ரோல் வண்டி. செக் எஞ்சின் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. ஓபிடி கருவியை (வண்டியின் கோளாறு எண்ணைப் படிப்பது) செருகினால் பி0135, அதாவது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். சென்சார் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வம்பு. எஞ்சினுக்கும் பயர்வாலுக்கும் (எஞ்சினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) நடுவே, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒயர் மட்டும் தெரிகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்கும் தொகையில் பாதிக்கே அதே தயாரிப்பாளரின் சென்சார் வெளியில் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கப்போகிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழையபட்டறை:
காரணம் ஒன்றுதான் தம்பி: மரை. இத்தனை வருஷம் எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்து, மழைத் தண்ணீரில் துருவேறி, சென்சாரும் மேனிஃபோல்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும். சென்சார் கழன்று வந்துவிடும். கூடவே மரையையும் உரித்துக்கொண்டு வந்தால்? 18 மில்லி, ஒன்றரை பிட்ச் (மரைகளின் இடைவெளி) டேப், அதாவது மரை வெட்டும் கருவி வைத்து மரை போடவேண்டும். அந்தச் சந்தில் டேப்பை நேராகப் பிடிக்கவே கை போகாது. மேனிஃபோல்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

மின்கம்பி:
இரண்டு பேரும் சென்சாருக்குப் பாடை கட்டிவிட்டீர்கள். பி0135 என்றால் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு, அவ்வளவுதான். ஃப்யூஸ் போயிருக்கலாம், கனெக்டரில் பச்சை பிடித்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். எஞ்சின் ஆறியபின் கனெக்டரைக் கழற்றுங்கள். நாலு ஒயரில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும் (பெரும்பாலும் வெள்ளை, டென்சோவில் கறுப்பு). அதுதான் ஹீட்டர். மீட்டர் வைத்தால் சில ஓம் காட்டவேண்டும். வண்டிப் பக்க கனெக்டரில் எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். கனெக்டர் பெரும்பாலும் மேலேயே கைக்கு எட்டும். இதற்கு எந்தப் பட்டறையும் வேண்டாம்.

ஒத்தக்கண்ணாடி:
பார்த்துவிட்டேன். 12 வோல்ட் வருகிறது. சென்சார் பக்கம் மீட்டர் அசையவே இல்லை, ஓப்பன். ஃப்யூஸும் நல்லாத்தான் இருக்கிறது.

மின்கம்பி:
அப்போது ஹீட்டர் இழை அறுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவசரம் இல்லை. சிர்கோனியா என்ற செராமிக்கால் ஆன சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். சீக்கிரம் சூடாகத்தான் அந்த ஹீட்டர். அது இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் சூட்டில் மெதுவாகச் சூடாகும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிற ஓட்டத்தில் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். நின்றுபோகாது.

மலைப்பாதை:
பழையபட்டறை அண்ணன் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றுமில்லை. என் வண்டியிலும் இதே இடம்தான். ஒயர் நுழைய ஒரு பக்கம் பிளந்த 22 மில்லி சாக்கெட் விற்கிறார்கள். ஆனால் இறுகிப்போன சென்சாரில் அந்தப் பிளவு விரிந்து சென்சாரின் நட்டு மூலைகளை மழுக்கிவிடும். பழைய சென்சார் எப்படியும் குப்பைக்குத்தான், ஒயரை வெட்டிவிடுங்கள். பிறகு பிளவில்லாத டீப் சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ முழுசாக இறங்கிக் கவ்வும். முந்தின நாள் ராத்திரி, எஞ்சின் ஆறியபிறகு, துரு இளக்கும் எண்ணெயை மரையில் அடித்து ஊறவிடுங்கள். சூடான எக்ஸாஸ்டில் அடித்தால் தீப்பிடிக்கும். மறுநாள் வண்டியை ஓட்டி, கை வைக்க முடிகிற சூட்டுக்கு ஆறவிட்டு, கையுறை போட்டுத் திருப்புங்கள்.

பழையபட்டறை:
ஒயரை வெட்டுவது நல்ல யோசனைதான். புது சென்சார் கைக்கு வந்து, கனெக்டர் பொருந்துகிறதா என்று பார்த்தபிறகு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிவிட்டு ராங் பார்ட் என்று கடைக்கு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை குறைவு என்று கனெக்டர் இல்லாத யூனிவர்சல் சென்சாரை வாங்கி ஒயரை ஈயம் வைத்து ஒட்டவும் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை ஒயருக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அதை அடைத்துவிடும்.

மலைப்பாதை:
அப்போ வீட்டில் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டீர்கள்!

பழையபட்டறை:
எங்கே ஒத்துக்கொண்டேன்? உங்களுக்கு நல்லபடியாக வந்துவிட்டது. வராதவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. பட்டறையில் லிஃப்ட் உண்டு, சூடாக்க கேஸ் டார்ச் உண்டு, மரை போனால் அங்கேயே சரிசெய்ய ஆள் உண்டு.

ஒத்தக்கண்ணாடி:
அண்ணே, மரை போனால் அவர்கள் செலவிலா சரிசெய்வார்கள்? எஸ்டிமேட் வாங்கும்போதே கேட்டேன். “பழைய வண்டி சார், போனால் மேனிஃபோல்டுக்குத் தனி பில்” என்றார்கள். எப்படியும் என் தலையில்தான் விழும் என்றால் என் கையாலேயே போகட்டும்.

பழையபட்டறை:
அது நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, செய்வதாக இருந்தால் கேளுங்கள். முதல் கால் சுற்று இளகியதும் அப்படியே உருவாதீர்கள். கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். வர வர லேசாகவேண்டும். வர வர இறுகினால் மரை உரிகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வெட்டின ஒயரோடும் ஓட்டிப்போகலாம், முனைகளை இன்சுலேஷன் டேப் சுற்றிப் பிரித்துக் கட்டிவிடுங்கள். கீழேயிருந்து வேலை என்றால் டயர் மாற்றுகிற ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல் அடுக்கினேன் என்று எழுதினால் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

மின்கம்பி:
புதுசை மாட்டும்போது: மரையில் ஏற்கெனவே ஆன்டி சீஸ் (மரை கடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) பூசியிருக்கும், அதற்குமேல் பூசாதீர்கள். முனையில் எண்ணெய்க் கை படக்கூடாது. கீழே போட்டுவிட்டால் உள்ளே செராமிக் விரிசல் விட்டிருக்கலாம், மாட்டாதீர்கள். முதலில் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். கடைசி இறுக்கம் பொதுவாக 40 நியூட்டன் மீட்டர் பக்கம், உங்கள் வண்டி மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் எக்ஸாஸ்டைத் தொடாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டவேண்டும்.

ஒத்தக்கண்ணாடி:
பார்ட் நம்பரைப் பழைய சென்சாரில் படித்துக்கொண்டுதான் வாங்குவேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் டீப் சாக்கெட் 22 தனியாகத் தருவார்களா, செட்டாகத்தான் வாங்கவேண்டுமா?

மலைப்பாதை:
தனியாகத் தருவார்கள். அரை இஞ்ச் டிரைவ் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு) கேளுங்கள். டப்பாவில் சென்சார் வாங்கினால் சீலையும் அச்சையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், டூப்ளிகேட் நிறைய ஓடுகிறது.