மாநாட்டு விசா விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது: அவசர உதவி தேவை

கீழமாசி வீதி: வணக்கம். வைகைப் படுகையின் மணற்படிவுகள் பற்றிய என் ஆய்வுச் சுருக்கத்தை ஒரு சர்வதேச மாநாட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை சென்று விசாவுக்கு விண்ணப்பித்துத் திரும்பினேன். இன்று காலை எல்லாத் தாள்களும் கூரியரில் அப்படியே வந்துவிட்டன. படிவத்தில் ஒரு வரியை மட்டும் நீல மையால் வட்டமிட்டிருக்கிறார்கள். நான் இனி என்ன செய்ய வேண்டும்?

திருநகர்க்காரன்: எந்த நாடு, எந்த மாதம், வட்டமிட்ட வரி எது? கடவுச்சீட்டில் முத்திரை ஏதும் இருக்கிறதா?

ஆனையூர்: காப்பீடாகத்தான் இருக்கும். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். என் தம்பிக்கு அதில்தான் சிக்கல் வந்தது.

யானைமலை: வழிமுறைக் குறிப்பை ஒரு முறையேனும் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆய்வு மாணவர்கள் இதைக்கூடவா பிறரிடம் கேட்பது? அழைப்புக் கடிதத்தில் முதலெழுத்தும் கடவுச்சீட்டில் தந்தை பெயரும் இருந்திருக்கும்.

கீழமாசி வீதி: பதற்றத்தில் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். ஏப்ரலில் வியன்னாவில் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம், 5 நாள்கள். பிறகு ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் ஓர் ஆய்வகத்தில் 9 நாள்கள். ஆஸ்திரியாவுக்குத்தான் விண்ணப்பித்தேன். வட்டமிட்டிருப்பது ‘முதன்மையாகச் செல்லும் நாடு’ என்ற வரி. முத்திரை இல்லை.

திருநகர்க்காரன்: அப்படியானால் இது நிராகரிப்பு அன்று, சகோதரி, கலங்க வேண்டாம். பல ஷெங்கன் நாடுகளுக்குப் போகும்போது, தங்கும் காலத்தாலோ நோக்கத்தாலோ முதன்மையாக அமையும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் இறங்கும் நாடு என்பது இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே கணக்கில் வரும். உங்களுக்கு ஜெர்மனியில் 9 நாள்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பொறுப்பு தனக்கு இல்லை என்று ஒரு தூதரகம் அதைத் திருப்பும்போது விசாக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 90 யூரோவை விட்டுவிடாமல் கேளுங்கள்.

யானைமலை: நோக்கம் மாநாடுதானே? ஆகவே ஆஸ்திரியாதான் சரி. விதியில் ‘அல்லது’ என்ற சொல் இருக்கிறது, கவனியுங்கள்.

ஆனையூர்: ஐயா, ஆய்வக வேலையும் அதே ஆய்வுக்காகத்தானே? நோக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கும்போது நாள்களை எண்ணுவதே முறை.

யானைமலை: மாநாட்டு அழைப்பு இல்லையென்றால் இந்தப் பயணமே இல்லை. அதை எப்படி இரண்டாம் இடத்தில் வைப்பது?

திருநகர்க்காரன்: அந்த வாதத்தைத் தூதரகத்திடம் வைக்கலாம்; ஆனால் இவருக்கு நாள் போதாது. பயணத்திற்கு 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பம் சேர வேண்டும். முடிவு சில வேளைகளில் 45 நாள் வரை இழுக்கும். பொட்ஸ்டாம் ஆய்வகத்தின் கடிதத்தை மேலே வைத்து, மாநாட்டு ஏற்புக் கடிதத்தையும் இரு ஊர்களின் தங்குமிடச் சான்றுகளையும் அதனுடன் இணையுங்கள்.

கீழமாசி வீதி: ஜெர்மனி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், கைரேகையும் எடுத்தாயிற்று. அனைவருக்கும் நன்றி.